ராடா, வண்டியா, முதுகா: கரைத் தூண்டிலுக்கு எதை முதலில் முடிவு செய்வது?

“தூண்டில் வாங்கணும், எந்த ராடு நல்லது?” என்று கேட்கிறவர்களிடம் நான் பதிலுக்குக் கேட்பது இரண்டு: எதில் போவீர்கள், எவ்வளவு நேரம் நிற்க முடியும்? ராடைப் பற்றிக் கேட்டவருக்கு இது சம்பந்தமில்லாத கேள்வியாகத் தெரியலாம். ஆனால் எவ்வளவு நல்ல ராடாக இருந்தாலும் உங்கள் வண்டியில் ஏறாவிட்டால் அது பீரோவுக்குப் பின்னால்தான் நிற்கும். வண்டியில் ஏறிக் கரைக்கு வந்து சேர்ந்த பிறகு, ஒரு மணி நேரத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டால், மீன் கடிக்கிற நேரத்தில் நீங்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டிருப்பீர்கள். அதனால் முதலில் வண்டி, பிறகு உடம்பு, அதற்கப்புறம்தான் ராடு, ரீல் (நரம்பைச் சுற்றும் கருவி), நரம்பு (தூண்டில் நூல்) என்ற வரிசையில் ஒப்பிட்டுப் பார்க்கிறேன். பணமும் இந்த வரிசையில்தான் செலவாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நான் பேசுவது சென்னையைச் சுற்றிக் கரையில் நின்று போடும் தூண்டிலைப் பற்றி. தெற்கே முட்டுக்காடு, கோவளம், மாமல்லபுரம், பாலாறு கடலில் சேரும் இடம், வடக்கே பழவேற்காடு. படகில் போய்ப் பிடிப்பது வேறு கணக்கு, அதை இங்கே எடுக்கவில்லை. இந்தக் கரையில் நிற்கும் இடம் மூன்று வகை. ஒன்று முகத்துவாரமும் கழியும் (உப்பங்கழி). கொடுவா, மடவை, கெளுத்தி இங்கே. இரண்டு, திறந்த மணல் கரை, கிழங்கான், காலா. மூன்று, கடலரிப்பைத் தடுக்கக் கொட்டியிருக்கும் தூண்டில் வளைவுக் கற்கள். பாரையும் ஷீலாவும் வரும். பழவேற்காட்டில் ஏரியின் ஒரு பகுதி பறவைகள் சரணாலயம், முட்டுக்காட்டில் படகு குழாம் இருக்கிறது. அந்த எல்லைகளுக்குள் தூண்டில் போடாதீர்கள்.

நேரத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்லாமல் வண்டிக்குப் போக முடியாது. நம் கடலில் ஏற்றவற்றம் பெரிதில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக்கூட ஒரு மீட்டர் அளவுதான். ஆனால் முகத்துவாரத்தில் அந்த ஒரு மீட்டர் தண்ணீர் உள்ளே போவதும் வெளியே வருவதும்தான் மீனை நகர்த்துகிறது. ஏற்றம் முடிவதற்கு முந்தைய இரண்டு மணி நேரமும், வற்றம் தொடங்கிய முதல் ஒரு மணி நேரமும் நான் நம்பும் நேரம். இது தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். இந்த ஞாயிறு காலை 6 மணிக்கு ஏற்றம் உச்சம் என்றால், அடுத்த ஞாயிறு அதே உச்சம் கிட்டத்தட்ட நடுப்பகலில் வரும். அப்படியென்றால் ஒரு வாரம் விடியற்காலை 3 மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும், அடுத்த வாரம் உச்சி வெயிலில் நிற்க வேண்டும். முதலாவது வண்டியைப் பொறுத்தது, இரண்டாவது உடம்பைப் பொறுத்தது. முகத்துவாரம் மணலால் அடைபட்டிருக்கும் மாதங்களில் இந்தக் கணக்கு கழிக்குள் செல்லாது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எதில் போவது?

பஸ், ரயிலை முதலில் முடித்துவிடலாம். பழவேற்காட்டுக்கு கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயிலில் பொன்னேரி வரை போய், அங்கிருந்து பஸ் பிடிக்கலாம். கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நேரடி பஸ் உண்டு. செலவு மிகக் குறைவு, திரும்பும்போது தூங்கிக்கொண்டே வரலாம். ஆனால் விடியற்காலை ஏற்றத்தைப் பிடிக்க முடியாது, இறால் இரையின் வாடையோடு கூட்டத்தில் நிற்பது மற்றவர்களுக்குக் கஷ்டம். மாலை ஏற்றத்துக்கு, சின்னப் பையோடு, செயற்கை இரை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவருக்கு பஸ் நல்ல வழிதான். மீன் கிடைத்தால் கொண்டுவர நன்றாக மூடும் டப்பா ஒன்று வேண்டும்.

ஸ்கூட்டர்தான் இந்தக் கரைக்கு மிகப் பொருத்தமான வண்டி என்று நினைக்கிறேன். காரணம், கால் வைக்கும் தட்டையான இடம். அங்கே ஒரு 20 லிட்டர் பெயிண்ட் வாளி உட்காரும். அந்த வாளிக்குள் ரீல், இரை, தண்ணீர் பாட்டில், துண்டு எல்லாம் போகும். கரையில் மூடியைப் போட்டுக் கவிழ்க்காமல் அப்படியே உட்கார்ந்துகொள்ளலாம். திரும்பும்போது ஐஸோடு மீன் அதில் வரும். மீனவக் குப்பங்களுக்குள் போகும் சந்துகளில் ஸ்கூட்டர் சுலபமாக நுழையும், யாருக்கும் இடைஞ்சலாக நிற்காது. சுங்கச்சாவடியில் இருசக்கர வண்டிக்குக் கட்டணமும் இல்லை. குறை என்னவென்றால் நீளமான ராடைக் கட்ட வசதியான இடம் இல்லை. முதுகில் மாட்டிக்கொண்டால் நுனி தலைக்கு மேல் நிற்கும். தாழ்ந்த கிளை, தொங்கும் கேபிள் எதில் வேண்டுமானாலும் மாட்டும். ஸ்கூட்டர் என்று முடிவானால் ராடு மடக்கினால் 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும்.

பைக் என்றால் அந்தப் பிரச்சினை தீரும். 75 மில்லிமீட்டர் பிவிசி குழாய் ஒன்றை ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு வெட்டி, ஒரு பக்கம் மூடியை ஒட்டி, மறுபக்கம் திருகுமூடி வைத்து, இடது பக்க சாரி கார்டோடு சேர்த்து இரண்டு இடத்தில் கட்டிவிடலாம். பின்முனை கொஞ்சம் உயர்ந்து இருக்கட்டும், அதில் ஒரு சிவப்புத் துணி கட்டுங்கள். 63 மில்லிமீட்டர் குழாய் மலிவு, ஆனால் மணல் கரை ராடில் நரம்பு ஓடும் அடிப்பக்க வளையம் பெரிது. அதில் சிரமப்பட்டுத் திணித்தால் வளையத்தின் கால் வளையும். பைக்கில் குறைவது சாமான் வைக்கும் இடம். 40 கிலோமீட்டர் போய், நான்கு மணி நேரம் நின்று, மறுபடி 40 கிலோமீட்டர் வரும்போது அந்த அதிர்வு முழுவதும் கீழ்முதுகில் இறங்கும். ஏற்கனவே டிஸ்க் தொந்தரவு உள்ளவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கார் வசதிதான். நடுப்பகல் ஏற்றத்துக்கு நிழலும் ஓய்வும் வண்டியிலேயே இருக்கிறது, இரண்டு மூன்று பேர் பெட்ரோலைப் பகிர்ந்துகொள்ளலாம், இரவு திரும்பும்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில் குறுக்கே வரும் மாட்டுக்கும் நாய்க்கும் கொஞ்சம் குறைவாகப் பயப்படலாம். ஹாட்ச்பேக்கே போதும், இரண்டு துண்டு ராடின் ஒன்றரை மீட்டர் துண்டு டிக்கியிலிருந்து முன் சீட்டுகளுக்கு நடுவே நன்றாக நீட்டிக்கொள்ளும். ஆனால் நிறுத்துமிடம்? குப்பத்துச் சாலையில் வலை காயப் போட்டிருப்பார்கள், படகை இழுக்கும் டிராக்டர் போக வழி வேண்டும். காரை மெயின்ரோட்டுப் பக்கம் விட்டுவிட்டு நடப்பதுதான் மரியாதை. அந்த நடை சில இடங்களில் ஒரு கிலோமீட்டர்கூட வரும், அதுவும் மணலில். அப்போது காரில் கொண்டுவந்த பெரிய ஐஸ்பெட்டியும் மடக்கு நாற்காலியும் சுமையாகிவிடும்.

வெயிலில் நிறுத்திய கார் தூண்டில் சாமானுக்குக் கெடுதல் என்பது பலருக்குத் தெரியாது. ராடின் நுனி வளையம் பெரும்பாலும் சூட்டில் இளகும் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். கண்ணாடி ஏற்றிய காருக்குள் மே மாதத்தில் அது இளகித் திரும்பிவிடலாம். ரப்பர் செயற்கை இரைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ராடை சீட்டுக்குக் கீழே, நிழலில் வையுங்கள்.

நான்கு சக்கரமும் இழுக்கும் பெரிய வண்டி இந்தக் கரைக்குத் தேவையே இல்லை. சவுக்குத் தோப்பைத் தாண்டிக் கடற்கரை மணலுக்குள் வண்டியை இறக்குவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் இதே மணலில் குழி தோண்டி முட்டையிடுகின்றன. மேலே பார்த்தால் எதுவும் தெரியாது, டயர் ஏறினால் உள்ளே இருப்பது போய்விடும். மீன் பிடிக்க வந்தவருக்கு அந்தக் கரை மேல் அக்கறை இல்லையென்றால் வேறு யாருக்கு இருக்கும்?

எந்த வண்டியானாலும் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். பைக்கின் செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். கடற்காற்றின் உப்பு ஒரே மழைக்காலத்தில் ஸ்கூட்டரின் சைலன்சர் போல்ட்டைத் தின்றுவிடும்.

பாதம், வெயில், முதுகு

உடம்பில் முதலிடம் பாதத்துக்கு. ரப்பர் செருப்பு, கிராக்ஸ், பழைய ஸ்போர்ட்ஸ் ஷூ, வலைத்துணி மேல்பாகம் கொண்ட வாட்டர் ஷூ என்று நான்கு வகையையும் கரையில் பார்க்கலாம். மணல் கரைக்கு மட்டும் என்றால் எதுவும் சரி. முகத்துவாரத்தில் சேற்றுக்குள் ஆளி (சிப்பி) ஓடுகள் பிளேடு மாதிரி நிற்கும். ரப்பர் செருப்பு அந்தச் சேற்றில் உருவிக்கொண்டு உள்ளேயே தங்கிவிடும், அடுத்த அடி வெறுங்காலில். கிராக்ஸ் பின்வாரைப் போட்டால் நிற்கும், ஆனால் ஓட்டைகள் வழியே ஆளி ஓட்டுத் துண்டும் மணலும் புகுந்து தோலை உரிக்கும். ஸ்போர்ட்ஸ் ஷூ பாதத்தை நன்றாகக் காக்கும்; தண்ணீர் உள்ளே போனால் வெளியே வராது, கனமாகும். வாட்டர் ஷூதான் இங்கே ஜெயிக்கிறது, ஆனால் அடிப்பாகம் தடிமனாக இருக்க வேண்டும். நீச்சல் குளத்துக்கென்று விற்கும் மெல்லிய அடிப்பாகம் ஆளி ஓட்டை நிறுத்தாது. கட்டைவிரலால் அடிப்பாகத்தை அழுத்திப் பாருங்கள். மறுபக்கம் விரல் தெரிந்தால் வாங்காதீர்கள்.

தூண்டில் வளைவுக் கற்களுக்கு எந்த ஷூவும் முழு உத்தரவாதம் தராது. அலை படும் மட்டத்தில் கல்லின் மேல் பச்சைப் பாசி படிந்திருக்கும், ஈரமானால் அதில் எதுவும் நிற்காது. காய்ந்த, வெளிறிய கல்லின் மேல் மட்டும் கால் வைப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீன் மாட்டியதும் கீழே இறங்கி எடுக்கத் தோன்றும். அதற்கென்று நீளக் கைப்பிடி வலை ஒன்று இருந்தால் இறங்கத் தேவையில்லை. கல்லில் நிற்கிறவர் லைஃப் ஜாக்கெட் போடுவதைப் பார்த்து யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

முட்டளவுத் தண்ணீரில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள். மணலுக்குள் புதைந்திருக்கும் திருக்கை அந்த அசைவில் விலகிப்போகும். மிதித்தால்தான் வால் முள்ளால் அடிக்கும். கடல் கெளுத்தியின் முதுகிலும் இரண்டு பக்கமும் ரம்பம் போன்ற முள் உண்டு, அதை வெறுங்கையால் பிடிக்காமல் ஈரத் துண்டும் குறடும் வைத்துக் கழற்றுங்கள். இந்த இரண்டில் எது குத்தினாலும், பொறுக்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில் காயத்தை அரை மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்தால் வலி நன்றாகக் குறையும், ஏனென்றால் அந்த விஷம் சூட்டில் சிதைகிறது. அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், முள் துண்டு உள்ளே நின்றிருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு உவர்நீரில் பட்ட சின்னக் கீறல்கூட வேகமாகச் சீழ் பிடிக்கும். “நாளைக்குப் பார்த்துக்கலாம்” என்று விடக்கூடாத காயம் அது.

வெயிலுக்கு வருவோம். பருத்திச் சட்டையா, பாலியஸ்டர் முழுக்கையா? ஏரிக்கரை மரநிழலில் உட்கார்ந்து விறாலுக்குத் தூண்டில் போடுகிறவருக்குப் பருத்திதான் சுகம். கடலில் கதை வேறு. அலைத்துளியும் வியர்வையும் சேர்ந்து பருத்தி காயவே காயாது, உப்போடு சேர்ந்து அக்குளையும் கழுத்தையும் அறுக்கும். மெல்லிய பாலியஸ்டர் முழுக்கை பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும். தொப்பியில், முன்பக்கம் மட்டும் நீட்டிய கேப் காதையும் பிடரியையும் காக்காது. சுற்று விளிம்புத் தொப்பி காற்றில் பறக்கும். தாடைக்குக் கயிறு உள்ள சுற்று விளிம்புத் தொப்பி, அல்லது கேப்புக்குக் கீழே நனைத்த துண்டு. துண்டு எனக்குப் பிடித்த தீர்வு, காசும் ஆகாது.

போலரைஸ்டு கண்ணாடி பார்க்க ஆடம்பரம் மாதிரி இருக்கும். தண்ணீர் மேல் தெறிக்கும் ஒளியை அது வெட்டுவதால் கழியில் மடவைக் கூட்டமும், கல்லுக்கு அடியில் இருக்கும் நிழலும் கண்ணுக்குத் தெரிகிறது. அதைவிட முக்கியம், பக்கத்தில் நிற்பவர் வீசும்போது பறக்கும் தூண்டில் முள்ளிலிருந்து கண்ணைக் காப்பது. விலை உயர்ந்தது தேவையில்லை, ஆனால் அது இல்லாமல் நிற்க வேண்டாம்.

முதுகுக்கு: தரையோடு தாழ்ந்த சின்ன முக்காலியை விடுங்கள். மீன் கடித்ததும் அதிலிருந்து எழுவதற்குள் முட்டியும் இடுப்பும் ஒரே நேரத்தில் பாரம் தாங்க வேண்டும். பெயிண்ட் வாளியின் உயரம் இந்த விஷயத்திலும் சரியாக அமைகிறது. மூடியின் மேல் பழைய யோகா மேட்டில் ஒரு வட்டம் வெட்டி ஒட்டினால் நீண்ட நேரம் உட்காரலாம். ராடைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருக்காமல், ஒன்றேகால் அங்குல பிவிசி குழாயை மூன்று அடிக்கு வெட்டி, அடியைச் சாய்வாகச் சீவி, மணலில் நட்டு அதில் செருகுங்கள். நூறு ரூபாய்கூட ஆகாத இந்தக் குழாய் தோளுக்குத் தரும் ஓய்வு பெரிது.

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர், உப்புப் போட்ட மோர் ஒரு பாட்டில். தாகம் எடுத்த பிறகு குடிப்பது தாமதம்.

ராடு

இவ்வளவும் முடிவான பிறகு ராடு கிட்டத்தட்டத் தானாகவே முடிவாகிவிடும். மூன்று வகை: ஒன்றுக்குள் ஒன்றாக மடங்கும் டெலஸ்கோப், இரண்டு துண்டு, நான்கு துண்டுப் பயண ராடு.

டெலஸ்கோப் ராடின் கவர்ச்சி அதன் அளவு. பையில் போகும், கரைக்கு வந்து இழுத்தால் ஒன்பது அடி. பஸ்ஸில் போகிறவரும் ஸ்கூட்டரில் போகிறவரும் முதலில் வாங்குவது இதுதான், விலையும் குறைவு. பலவீனம் இணைப்புகளில். ஒரு துண்டு இன்னொன்றுக்குள் வெறும் உராய்வில் நிற்கிறது. மணல் துகள் உள்ளே போனால் பூச்சைக் கீறும். உப்புத் தண்ணீர் காய்ந்தால் துண்டுகள் பிடித்துக்கொள்ளும். பிடித்த ராடை நேராக அழுத்தி மூடப் பார்த்தால் உடையும். பழைய சைக்கிள் ட்யூப் துண்டை இரண்டு கையிலும் சுற்றிப் பிடித்து, முறுக்கிக்கொண்டே உள்ளே தள்ள வேண்டும். அப்படியும் வராவிட்டால் ராடை நட்டமாகப் பிடித்து, அடிப்பக்கத்தை மரப்பலகை மேல் மெல்லத் தட்டினால் இறங்கும். ஒவ்வொரு முறை விரிக்கும்போதும் வளையங்கள் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று அடியிலிருந்து கண் வைத்துப் பாருங்கள். ஒரு வளையம் திரும்பியிருந்தாலும் நரம்பு அங்கே தேயும், வீசும் தூரம் குறையும்.

இரண்டு துண்டு ராடு வளைவதில் ஒழுங்காக வளையும், எடை குறைவு, மீனின் தொடுதல் கைக்கு நன்றாக வரும். கழுவிக் காயவைப்பதும் சுலபம். பராமரிப்பு ஒன்றே ஒன்று: வீச வீச இணைப்பு தளரும். தளர்ந்த இணைப்போடு வேகமாக வீசினால் பெண் துண்டின் (மற்றது உள்ளே செருகும் துண்டு) வாய் பிளக்கும். சேர்க்கும்போது வளையங்கள் கால்வட்டம் விலகி இருக்கும்படி செருகி, முறுக்கி நேராக்குங்கள். ஆண் துண்டில் மெழுகுவர்த்தியை லேசாகத் தேய்த்தால் பிடிப்பு கூடும். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை கையால் இறுக்கிப் பாருங்கள்.

நான்கு துண்டுப் பயண ராடு இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. 80 சென்டிமீட்டர் பையில் அடங்கும், வளைவும் இரண்டு துண்டுக்குப் பக்கத்தில் வரும். விலைதான் கூடுதல். ஸ்கூட்டரில் போகிறவர், கொஞ்சம் காத்திருந்து பணம் சேர்த்து இதை வாங்கினால் டெலஸ்கோப்பில் போடும் பணம் மிச்சம் என்பேன்.

நீளம்? கழிக்கும் முகத்துவாரத்துக்கும் ஏழு, எட்டு அடி. மணல் கரையில் அலை உடையும் கோட்டைத் தாண்டி ஈயக்குண்டு விழ பத்து முதல் பன்னிரண்டு அடி. ஒரே ராடுதான் வாங்க முடியும் என்றால் ஒன்பது அடி, 15 முதல் 40 கிராம் வரை வீசக்கூடியது. எல்லா இடத்திலும் ஓரளவு வேலை செய்யும், மூன்று மணி நேரம் வீசினாலும் தோளை வாங்காது.

கார்பனா, கண்ணாடியிழையா என்ற கேள்விக்கு, புதிதாகத் தொடங்குகிறவருக்கு இரண்டும் கலந்த ராடு சொல்வேன். முழுக் கார்பன் லேசு, ஆனால் கல்லில் ஒருமுறை தட்டினால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து, அடுத்த பெரிய மீனில் அந்த இடத்தில் ஒடியும். கண்ணாடியிழை எதையும் தாங்கும், கனம். இன்னொன்று, கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். கோடை மாலைகளில் மேற்கே கருத்து இடி கேட்டதும் ராடைக் கீழே போட்டுவிட்டு மூடிய காருக்கோ கட்டடத்துக்கோ போய்விடுங்கள். கடற்கரையில் நட்டமாக ஒன்பது அடி கார்பனைப் பிடித்துக்கொண்டிருப்பதைவிட ஆபத்தான வேலை இல்லை. தோப்புக்குள் ராடை விரித்தபடி நடந்தால் மின்கம்பியையும் பாருங்கள்.

ரீலும் நரம்பும்

ரீலில் பலரும் பெரிதாகப் போய்விடுகிறார்கள். 6000 எண் ரீல், 3000 எண் ரீலைப்போல் இரண்டு மடங்கு எடை வரும். ஒன்பது அடி ராடுக்கு 4000 போதும். எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் எடையைப் பாருங்கள், 300 கிராமை ஒட்டி இருந்தால் முழங்கைக்கு நல்லது. முழங்கையின் வெளிப்பக்கத்தில் வலி தொடங்கினால் அது பெரும்பாலும் கனமான ரீலும் இறுக்கிப் பிடிக்கும் கையும் சேர்ந்து கொடுப்பது. கழுவும்போது முன்பக்க டிராகை (எவ்வளவு இழுத்தால் நரம்பு வெளியே ஓடும் என்று வைக்கும் திருகு) இறுக்கிவிட்டு, குழாய்த் தண்ணீரை மெல்லத் தெளியுங்கள். வேகமாக அடித்தால் உப்பு உள்ளே போகும். காய்ந்ததும் டிராகைத் தளர்த்தி வையுங்கள். பயன்படுத்தும்போது டிராக், நரம்பின் தாங்கும் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. காய்கறித் தராசுபோல் கையில் தொங்கவிடும் ஸ்பிரிங் தராசு இருந்தால் கொக்கியில் நரம்பைக் கட்டி இழுத்தே அளந்துவிடலாம்.

நரம்பில்தான் உண்மையான வித்தியாசம் இருக்கிறது. தங்கூஸ் என்று கடைகளில் கேட்கும் நைலான் நரம்பு மலிவு, முடிச்சு சுலபம், கல்லில் உரசினாலும் கொஞ்ச நேரம் தாங்கும், இழுத்தால் நன்றாக நீளும். அந்த நீட்சி மீன் திடீரென்று திமிறும்போது முள் பிய்ந்துகொள்ளாமல் காக்கிறது. ஆனால் 50 மீட்டருக்கு அப்பால் கிழங்கான் தொடுவதை அதே நீட்சி விழுங்கிவிடும். ப்ரெய்ட், அதாவது மெல்லிய இழைகளைப் பின்னிய நரம்பு, நீளவே நீளாது. அதே பலத்துக்குத் தடிமன் ஏறக்குறைய பாதி. 20 எல்பி (20 பவுண்டு, ஏறக்குறைய 9 கிலோ தாங்கும்) நைலான் 0.40 மில்லிமீட்டர் வரும். அதே 20 எல்பி ப்ரெய்ட் 0.23 மில்லிமீட்டரை ஒட்டி. தூரம் போகும், தொடுதல் கையில் தெரியும். ஆளி ஒட்டிய கல்லில் ஒரு உரசலில் அறுந்துவிடும் என்பதால் நுனியில் இரண்டு மீட்டர் நைலான் அல்லது ஃப்ளோரோகார்பன் லீடர் (உரசலைத் தாங்கும் முன்நரம்பு) கட்டாயம். விலையும் கூடுதல்.

நம் கரையில் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். விடியற்காலையில் பெரும்பாலும் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும், எந்த நரம்பும் பறக்கும். கோடையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று எதிரே திரும்பிவிடும். அப்போது லேசான இரையோடு ப்ரெய்ட் வீசினால் நரம்பு காற்றில் வில்லாக வளைந்து ஸ்பூலில் (ரீலில் நரம்பு சுற்றும் உருளை) தளர்வாகச் சுற்றும். அடுத்த வீச்சில் சிக்கு. வீசியதும் கையாலேயே ரீலின் கம்பி வளைவை மூடி, நரம்பை ஒருமுறை இழுத்து இறுக்கிவிட்டு அப்புறம் சுற்றினால் இது பாதி குறையும்.

மணல் கரையில் ஈயம் வைத்து வீசுகிறவர்களுக்கு ஒரு கண்டிப்பான விதி. ஈயத்தின் ஒவ்வொரு 28 கிராமுக்கும் 10 எல்பி என்ற கணக்கில் முன்நரம்பு வேண்டும். 100 கிராம் ஈயத்துக்கு 35, 40 எல்பி. மாலையில் குடும்பத்தோடு மக்கள் நடக்கும் கரையில், வீச்சின் நடுவே அறுந்து பறக்கும் ஈயம் துப்பாக்கிக் குண்டுக்குச் சமம். முன்நரம்பு ராடின் நீளத்தைப்போல் இரண்டு மடங்கு இருந்து, ரீலிலும் நான்கைந்து சுற்று ஏறியிருக்க வேண்டும்.

முள் கல்லில் மாட்டினால் ப்ரெய்டைக் கையில் சுற்றி இழுக்காதீர்கள், சதையை வெட்டும். ஒரு கட்டையில் சுற்றி இழுங்கள். அறுந்த நரம்பு எந்த வகையானாலும் வாளியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். கொக்கின் காலிலும் ஆமையின் கழுத்திலும் சுற்றிக்கொள்வது அதுதான்.

உயிர் இரையா, செயற்கை இரையா?

கொடுவாவுக்கு உயிர் இறாலைவிட நம்பிக்கையான இரை இல்லை. “ஏத்தத்துல உயிர் எறா போடுங்க தம்பி, மத்ததெல்லாம் அப்புறம்” என்று முட்டுக்காட்டுப் பக்கத்து மீனவர் ஒருவர் சொன்னது சரியான பேச்சு. ஆனால் உயிர் இறாலைக் காப்பாற்றப் பேட்டரி பம்பு, தண்ணீர் நிறைந்த டப்பா, நிழல் எல்லாம் வேண்டும். அது கார் அல்லது ஸ்கூட்டர் வேலை. செயற்கை இரை சட்டைப் பையில் அடங்கும், பஸ்ஸுக்கு ஏற்றது. அதன் விலையை உடம்பு தருகிறது: இடைவிடாமல் வீசி, இழுத்து, நடந்துகொண்டே இருக்க வேண்டும். தோள் வலி உள்ளவருக்கு உயிர் இரை, முட்டி வலியால் உட்கார்ந்து எழ முடியாதவருக்குச் செயற்கை இரை. கடைசியில் எந்த மீன் வேண்டும் என்பதற்கு முன்பே இது தீர்மானமாகிவிடுகிறது. மூன்று முள் கொக்கிகளுக்கு பிளாஸ்டிக் மூடி போட்டுத்தான் வண்டியில் ஏற்றுங்கள். ஸ்கூட்டர் சீட்டிலும் பின்னால் உட்காருபவர் முட்டியிலும் அது ஏறுவதைப் பார்த்திருக்கிறேன்.

10,000 ரூபாய் கையில் இருந்தால்

வண்டி ஏற்கனவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தடித்த அடிப்பாகமுள்ள வாட்டர் ஷூவுக்கு 1,200, போலரைஸ்டு கண்ணாடிக்கு 800, முழுக்கைச் சட்டைக்கும் தொப்பிக்கும் 1,000, தலையில் மாட்டும் விளக்குக்கு 500, நரம்பு வெட்டும் குறடுக்கு 400, வாளிக்கும் குழாய்க்கும் 200. இதோடு 4,100 போய்விட்டது, இன்னும் ராடு வாங்கவில்லை. பலருக்கு இங்கேதான் மனசு வராது. மீதி 5,900இல் ராடு 2,500, ரீல் 2,500, நரம்பு 600, முள், ஈயம், ஸ்விவல் (நரம்பு முறுகாமல் சுழலும் இணைப்பு) எல்லாம் 300. பைக்கோ காரோ என்றால் ஒன்பது அடி இரண்டு துண்டு, கார்பனும் கண்ணாடியிழையும் கலந்தது. ஸ்கூட்டர் என்றால் இந்த விலைக்கு நல்ல நான்கு துண்டு ராடு கிடைப்பது கஷ்டம்; ரீலில் 500 குறைத்து ராடில் போடுங்கள். நரம்பு இப்போதைக்கு 0.35 அல்லது 0.40 நைலான். ப்ரெய்டுக்கு அவசரமில்லை, வீச்சு கையில் படிந்த பிறகு மாற்றலாம்.

அடுத்த முறை பணம் சேரும்போது, கல்லில் நிற்கிறவர் லைஃப் ஜாக்கெட்டும் நீளக் கைப்பிடி வலையும் வாங்கட்டும். முகத்துவாரத்துக்கே போகிறவர் இரண்டாவது ஸ்பூல் ஒன்றும், அதில் சுற்ற 20 எல்பி ப்ரெய்டும். அதைச் சுற்றும்போது அடியில் கொஞ்சம் நைலான் சுற்றிவிட்டுத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் ப்ரெய்ட் ஸ்பூலோடு ஒட்டாமல் மொத்தமாக வழுக்கிச் சுழலும்.